சுருக்கித் தருகிறார்களாம்! எதைச் சுருக்குகிறார்கள்?

"கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இனிப் பார்வையற்றோருக்கு ஒரு குறையும் இல்லை. எவ்வளவு நீளமான தஸ்தாவேஜாக இருந்தாலும் யந்திரம் நாலே வரியில் சுருக்கி, எளிய தமிழில் காதில் சொல்லிவிடும்." இப்படி ஒரு பேச்சு இப்பொழுது மேடைதோறும் கேட்கிறது. பெரிய கம்பெனிகளின் விளம்பரமும் இதுதான். அதிகாரிகள் கூறும் சமாதானமும் இதுதான்.

யந்திரத்தை நாம் எதிர்ப்பவர்கள் அல்ல. 1960களில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் வாசலில் இரவும் பகலும் காவல் நின்றது, கம்ப்யூட்டர் என்ற இரும்புப் பெட்டியின் மேல் கொண்ட கோபத்தால் அல்ல. அந்தப் பெட்டியைக் காட்டி வேலையைப் பறிக்கப் பார்த்தார்கள், அதைத்தான் எதிர்த்தார்கள். இன்றும் நமது கேள்வி அதேதான். யந்திரம் யார் கையில்? யாருடைய லாபத்துக்கு? சுருக்குகிறேன் என்று சொல்லி எதை வெட்டுகிறது?

இந்தக் கேள்வியைக் கூடுவாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் எழுப்புகிறோம்? நந்திவரம்-கூடுவாஞ்சேரி இப்போது நகராட்சி. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போகிற தொழிலாளிகள் அனைவருக்கும் தெரியும்: அந்த ரயில் பெட்டிகளில் கடலை மிட்டாயும் பேனாவும் அட்டை உறையும் விற்றுப் பிழைக்கும் பார்வையற்ற உழைப்பாளிகள் எத்தனை பேர்! அவர்கள் நம்மோடு பிரயாணம் செய்கிறவர்கள். நம் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கையில் வந்து சேரும் நோட்டீசை அவர்களால் படிக்க முடியவில்லை என்றால் அது நம்முடைய பிரச்னை.

கண் போவது யாருக்கு?

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 1 லட்சத்து 27 ஆயிரம் பேர்.

இவர்களில் மாளிகைவாசிகள் எத்தனை பேர்? கதிர் அடிக்கும்போது உமி தெறித்துக் கண்ணில் படுகிறது. கரும்புத் தோகை கிழித்துவிடுகிறது. அந்தச் சிறு காயத்தில் காளான் கிருமி புகுந்து கருவிழியில் புண் வைக்கிறது. வைத்தியத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று நாலு நாள் தள்ளிப்போட்டால் கண்ணே போய்விடுகிறது. விவசாயத் தொழிலாளரிடையே இந்த நோய் எவ்வளவு அதிகம் என்பதை மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர்களின் ஆராய்ச்சிகளே சொல்கின்றன. பட்டறையில் கிரைண்டர் பொறி பாய்ந்து கண் போகிறது. சர்க்கரை வியாதி கண்ணின் உள்திரையைத் தின்கிறது. புரை வளர்ந்தும் ஆபரேஷனுக்கு அழைத்துப் போக ஆள் இல்லாமல் கிழவிகள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்வை இழப்பது தலைவிதி என்று கோயிலில் சொல்லட்டும். அதில் பெரும்பகுதி வறுமையின் விளைவு என்று நாம் சொல்கிறோம்.

எழுத்தைத் தொட்டுப் படிக்கும் வழியை உலகத்துக்குக் கொடுத்தவன் யார்? லூயி பிரெயில், பிரான்சில் சேணம் தைக்கும் ஒரு தொழிலாளியின் மகன். 1809இல் பிறந்தவன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் குத்தூசி கண்ணில் பாய்ந்து, இரண்டு கண்ணும் போயின. பதினைந்து வயதில், 1824இல், ஆறே புள்ளிகளைக் கொண்டு எழுத்து முறையை வகுத்தான். ஆனால் அவன் படித்த பாரிஸ் பள்ளிக்கூடமே அவன் இறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான், 1854இல், அந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது! பார்வையற்றவனுக்கு எது நல்லது என்று பார்வையற்றவனைக் கேட்காமல் முடிவு செய்யும் வழக்கம் அன்றே இருந்தது, இன்றும் இருக்கிறது. நமது நாட்டு மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் உருவாயிற்று. தமிழ்ப் பிரெயிலும் அதில் அடக்கம்.

காதுக்கு ஓரக்கண் இல்லை

நீளமான எழுத்து பார்வையற்றவருக்கு ஏன் பெரிய பாரம்? இதைக் கண்ணுள்ளவர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை.

கண்ணால் படிக்கிறவன் பக்கம் முழுவதையும் ஒரு நொடியில் மேய்ந்துவிடுகிறான். கொட்டை எழுத்துத் தலைப்பு எங்கே, தேதி எங்கே, தொகை எங்கே என்று தாவிப் போகிறான். வேண்டாததை விட்டுவிடுகிறான். காதால் படிக்கிறவருக்கு அது முடியாது. கம்ப்யூட்டரோ டெலிபோனோ ஒரு சொல்லுக்குப்பின் ஒரு சொல்லாக உச்சரிக்கிறது. இருபது பக்கத்தில் அவருக்கு வேண்டிய ஒரு வரி பதினேழாம் பக்கத்தில் இருந்தால், பதினாறு பக்கத்தையும் கேட்டுத் தீரவேண்டும். தலைப்புகளை முறையாகக் குறித்திருந்தால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவ வசதி உண்டு. ஆனால் நமது ஆபீஸ்களில் வெறும் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுத் தலைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். யந்திரத்துக்கு அது தலைப்பு என்று தெரியாது.

இதோடு நமது சர்க்கார் தமிழும் சேர்ந்துகொள்கிறது. ஒரு மாதிரி வாக்கியத்தைப் பாருங்கள்:

"மேற்படி திட்டத்தின் கீழ் உதவித்தொகை கோரும் விண்ணப்பதாரர்கள், பார்வை இரண்டில் காணும் ஆணையில் நிர்ணயிக்கப்பட்ட தகுதிகளுக்கான சான்றுகளையும் இதனுடன் இணைக்கப்பட்டுள்ள படிவத்தில் கோரப்பட்டுள்ள விவரங்களையும் உரிய காலத்திற்குள் சமர்ப்பித்திருந்தபோதிலும், ஏற்கெனவே வேறு திட்டத்தின் கீழ்ப் பயன் பெற்றிருக்கும் பட்சத்தில், அவர்களது விண்ணப்பங்கள் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது."

தமிழில் வினை கடைசியில்தான் வரும். உண்டா, இல்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். கேட்பவர் முப்பதுக்கு மேற்பட்ட சொல்லையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நினைவில் தாங்கி நிற்கவேண்டும். முடிவில் "மாட்டாது" என்று விழுகிறது! வேறு திட்டத்தில் ஏற்கெனவே பணம் வாங்கியவருக்கு இது கிடையாது. அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஏழே சொல் போதும். "பார்வை இரண்டு" என்கிறார்களே, அது என்ன? பழைய கடிதத்தின் எண்ணைக் குறிக்கும் ஆபீஸ் வழக்கு. பார்வை இல்லாதவரிடம் போய் "பார்வை இரண்டைக் காண்க" என்று சொல்கிற இந்த நிர்வாகத்தின் அழகை என்னவென்று சொல்வது!

ஆகவே, எழுத்தைச் சுருக்கி எளிமையாக்கித் தரவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதற்குக் கம்ப்யூட்டரை உபயோகிப்பதும் நியாயமானது. இதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

யந்திரம் எப்படிச் சுருக்குகிறது?

இது புது வித்தை அல்ல. 1958இலேயே ஐ.பி.எம். கம்பெனியில் லூன் என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு கட்டுரையில் எந்தச் சொற்கள் அடிக்கடி வருகின்றன என்று யந்திரம் எண்ணும். அந்தச் சொற்கள் நெருக்கமாக உள்ள வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்து அடுக்கும். அவ்வளவுதான். வாக்கியம் மூலத்தில் உள்ளபடியே இருக்கும். இடையில் உள்ளவை போய்விடும்.

இப்பொழுது வந்துள்ள யந்திரம் வேறு மாதிரி. கோடிக்கணக்கான பக்கங்களை விழுங்கி, எந்தச் சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, தானே புதிய வாக்கியம் எழுதுகிறது. சரளமாக எழுதுகிறது. சில வேளை மூலத்தில் இல்லாததையும் அதே சரளத்தோடு எழுதிவிடுகிறது! அது விழுங்கிய பக்கங்களில் இங்கிலீஷ் மலைபோல, தமிழ் மடுப்போல. ஆகவே தமிழில் தவறும் ஆபத்து அதிகம்.

கண்ணுள்ளவன் சுருக்கத்தில் சந்தேகம் வந்தால் மூலத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வான். பார்வையற்றவர் எதைப் புரட்டுவார்? "தவிர", "அல்லாமல்", "மட்டும்", "மாட்டாது" என்ற சிறு சொற்களில்தான் ஏழையின் உரிமை தொங்கிக்கொண்டிருக்கிறது. யந்திரம் ஒரு "தவிர"வை விட்டுவிட்டால், கிடைக்காத பணத்துக்காக ஒரு மனிதர் மூன்று முறை கலெக்டர் ஆபீசுக்கு அலைவார். ஒரு தேதியை மாற்றிச் சொன்னால், கிடைக்கவேண்டிய பணம் கைதவறிப் போகும். அந்த நஷ்டத்துக்கு யார் ஜவாப்தாரி? கம்பெனியைக் கேட்டால், "தவறு நேரலாம், சரிபார்த்துக்கொள்ளவும்" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறோமே என்கிறது. அந்தப் பொடி எழுத்தை யார் படிப்பது!

யந்திரத்தின் வாயை அடைத்தது யார்?

சுருக்குவது இருக்கட்டும். முதலில் யந்திரத்துக்குப் படிக்க எழுத்து வேண்டாமா?

நமக்குத் தெரிந்த ஒரு தோழர், ரயிலில் வியாபாரம் செய்பவர். கடன் விஷயமாக ஓர் ஆபீசிலிருந்து அவருடைய டெலிபோனுக்கு நோட்டீஸ் வந்தது. டெலிபோனைப் படிக்கச் சொன்னார். "படம்" என்றது. மறுபடி கேட்டார். மறுபடியும் "படம்" என்றது. அவ்வளவுதான். காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதைப் போட்டோ பிடித்து அனுப்பிவிட்டார்கள். அது எழுத்து அல்ல, எழுத்தின் படம். பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரையில் தோழர் காத்திருந்தார். தம் கடன் எவ்வளவு என்பதை அடுத்த வீட்டுக்காரர் மூலம் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை!

படமாக இல்லாவிட்டாலும் இன்னொரு தொல்லை. பழைய தமிழ் எழுத்துருக்கள் பல, உள்ளே இங்கிலீஷ் குறியீட்டை வைத்துக்கொண்டு மேலே தமிழ் வேஷம் போட்டவை. கண்ணுக்குத் தமிழ், யந்திரத்தின் காதுக்குக் குப்பை. இதை ஒழிக்கத்தான் 2010 ஜூனில் தமிழ்நாடு சர்க்கார் யூனிகோட் முறையை ஏற்று உத்தரவு போட்டது. அதற்கப்புறம் எத்தனை வருஷம் ஆயிற்று! இன்னும் பழைய எழுத்துருவில் டைப் அடித்து, அதைப் படமாக்கிப் போடும் பழக்கம் போகவில்லை.

வழி இல்லாமலா இருக்கிறது? ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர், விலையுயர்ந்த மென்பொருளை வாங்க முடியாத எளியவர்களுக்காக 2006இல் துவக்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பான் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. தமிழைப் பேசும் யந்திரக் குரலைச் சென்னை ஐ.ஐ.டி.யிலும், நமக்குக் கிழக்கே காலவாக்கத்தில் உள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியிலும் ஆராய்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அச்சிட்ட தமிழை அடையாளம் கண்டு எழுத்தாக மாற்றும் மென்பொருளைச் செய்திருக்கிறார்கள். முட்டுக்காட்டில் மத்திய சர்க்காரின் தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. விஞ்ஞானிகள் தயார். ஜனங்களின் வரிப்பணத்தில் விளைந்த அறிவு தயார். தூங்குவது நிர்வாகம்.

சட்டம் காகிதத்தில்

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதையொட்டி வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில், தகவல் தொடர்பு என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. பிரெயில், பெரிய அச்சு, ஒலி ஆகியவற்றோடு "எளிய மொழி" என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது! மனிதர் படித்துக் காட்டுவதும் எழுதப்பட்டிருக்கிறது. 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு வடிவில் உள்ள எல்லாத் தகவலும் இவர்கள் உபயோகிக்கும்படி இருக்கச் சர்க்கார் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், இது வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாய விதி வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஏப்ரலில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது.

ஆகவே எளிய மொழி என்பது தர்மம் அல்ல. எந்தக் கம்பெனியின் இனாமும் அல்ல. உரிமை.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை இன்னொரு நல்ல காரியம் செய்தது. நகராட்சிகளிலும் பஞ்சாயத்துகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டத்தைத் திருத்தியது. இதை வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: பார்வையற்ற ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், கூட்டத்தின் அஜெண்டா அவருக்கு எப்படிக் கிடைக்கும்? குடிநீர்க் குழாய் டெண்டரும் சாக்கடை மதிப்பீடும் எண்பது பக்கப் படமாக வந்தால், அவர் எதை வைத்துப் பேசுவார்? கை தூக்கும் பொம்மையாக உட்கார்ந்திருப்பாரா? பக்கத்தில் இருப்பவர் சொன்னதற்குத் தலை ஆட்டுவாரா? நாற்காலி கொடுத்தால் போதாது. காகிதத்தைப் படிக்கும் வகையையும் கொடுக்கவேண்டும்.

சுருக்கம் என்ற பேரில் நடந்த கொள்ளை

இனி மில் தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. "இது கண் தெரியாதவர்களின் விஷயம், நமக்கென்ன?" என்று நினைக்கவேண்டாம். சுருக்கம் என்ற பேரில் என்ன நடக்கும் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள்.

29 மத்திய தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்பாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமுலுக்குக் கொண்டுவந்தது. "எளிமையாக்கினோம், எளிமையாக்கினோம்" என்று முரசு கொட்டினார்கள். கேட்கக் காதுக்கு எவ்வளவு இனிமை! 29 எங்கே, 4 எங்கே! ஆனால் அந்தச் சுருக்கத்துக்குள்ளே என்ன வெட்டப்பட்டது? முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ சர்க்காரின் முன்அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான் வேண்டும். 299 பேர் உள்ள ஆலையில் முதலாளி வைத்ததே சட்டம்! 1946 நிலையாணைச் சட்டம், ஆலை வாசலில் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் நிலையாணையை எழுதி ஒட்டவேண்டும் என்று சொன்னது. 100 பேர் இருந்தாலே நிலையாணை உண்டு. அதுவும் இன்று 300 ஆகிவிட்டது.

இந்தத் தொகுப்பை ஒரு யந்திரத்தில் போட்டு, "நாலு வரியில் சொல்" என்று பார்வையற்ற தொழிலாளி ஒருவர் கேட்டால் அது என்ன சொல்லும்? "29 சட்டங்கள் 4 ஆக எளிமையாக்கப்பட்டன, தொழில் நடத்துவது சுலபமாயிற்று" என்று சொன்னால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் 100 என்பது 300 ஆனது அவர் காதுக்கு வராமலே போகும். அவர் வேலையைப் பறிக்கும் அந்த ஒரு எண்தான் அவருக்கு வேண்டிய செய்தி!

சுருக்குகிறவன் கத்திரிக்கோல் பிடித்தவன். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று முடிவு செய்யும் அதிகாரம் அவனிடம் இருக்கிறது. முதலாளிக்கு முக்கியமானது ஒன்று. தொழிலாளிக்கு முக்கியமானது வேறு. கத்திரிக்கோல் அமெரிக்க ஏகபோகக் கம்பெனிகளின் கையில் இருந்தால், எதை எந்த அளவு வெட்டுவது என்பதை அவர்கள் அமைத்த யந்திரம் முடிவு செய்யும். இன்று இலவசம் என்பார்கள்; எல்லோரும் பழகியபின் விலை வைப்பார்கள். அதற்குள் நம் கடன் நோட்டீஸும் வைத்தியச் சீட்டும் அவர்கள் கிடங்கில் சேர்ந்திருக்கும்.

மூலத்திலேயே எளிமை வேண்டும்

"யந்திரம் சுருக்கிக்கொள்ளும், நாங்கள் எழுதுகிறபடியே எழுதுகிறோம்" என்கிற அதிகாரியிடம் நாம் சொல்வது இதுதான். அழுக்குத் தண்ணீரைத் தெருவில் விட்டுவிட்டு, ஆளுக்கொரு வடிகட்டி வாங்கிக்கொள் என்கிறீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள்! யாருக்கு, என்ன, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த இடத்தில், யாருக்குக் கிடையாது என்ற ஆறு விஷயத்தையும் முதல் பத்து வரியில் எழுதுங்கள். அப்படி எழுதினால் பார்வையற்றவருக்கு மட்டுமா நன்மை? நாலாம் வகுப்போடு நின்று நாற்று நடப் போன நம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதே நன்மை. இன்று பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் மனு எழுதிக் கொடுக்கும் தரகனிடம் கை கட்டி நிற்கும் ஜனங்கள் அனைவருக்கும் அதே நன்மை. பார்வையற்றவரின் கோரிக்கை உழைக்கும் மக்களின் கோரிக்கை என்று நாம் சொல்வது இதனால்தான்.

"யந்திரம் தவறும், ஆகவே யந்திரமே வேண்டாம்" என்று சொல்லும் சில நண்பர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுப் பையனுக்காகக் காத்திருந்தாரே, அந்தத் தோழரிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்! மனிதரின் தயவு இல்லாமல் தம் காகிதத்தைத் தாமே படிக்கும் சுதந்திரம் அவருக்கு வேண்டும். குறை உள்ள யந்திரத்தைத் தூக்கி எறிவது வழி அல்ல. அதைப் பொதுச் சொத்தாக்கி, உபயோகிக்கிறவர்களின் கண்காணிப்பில் திருத்துவதுதான் வழி.

நமது கோரிக்கைகள்:

1. சர்க்கார், நகராட்சி, வங்கி, ஆலை எதுவானாலும், ஜனங்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு காகிதமும் யூனிகோட் எழுத்தாக, முறையான தலைப்புகளோடு கிடைக்கவேண்டும். படமாக அனுப்புவதைத் தடை செய்யவேண்டும்.

2. ஒவ்வொரு உத்தரவின் தலையிலும் எளிய தமிழ்ச் சுருக்கம் வேண்டும். அதை எழுதிய அதிகாரி பெயர் போட்டுப் பொறுப்பேற்கவேண்டும். சுருக்கம் தவறி ஒருவருக்கு நஷ்டம் வந்தால் ஆபீசே ஈடு செய்யவேண்டும்.

3. தமிழைப் படிக்கவும் சுருக்கவும் பொதுத்துறையில் ஒரு யந்திரம் வேண்டும். அது இலவசமாக இருக்கவேண்டும். சுருக்கத்தின் ஒவ்வொரு வரியிலிருந்தும் மூல வரிக்கு உடனே போய்க் கேட்க வழி இருக்கவேண்டும். எண், தேதி, தொகை, விலக்கு ஆகியவற்றை அது ஒருபோதும் விடக்கூடாது.

4. அந்த யந்திரத்தைச் சோதிக்கும் வேலை பார்வையற்றவர்களுக்கே, சம்பளத்தோடு, தரப்படவேண்டும்.

5. கம்ப்யூட்டர் வந்ததைக் காரணம் காட்டிப் பிரெயில் அச்சையோ, படித்துக் காட்டும் ஆட்களையோ குறைக்கக்கூடாது.

6. உள்ளாட்சி மன்றக் கூட்டங்களின் அஜெண்டா, நியமன உறுப்பினர்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும் வடிவில், கூட்டத்துக்கு முன்கூட்டியே தரப்படவேண்டும்.

தொழிலாளத் தோழர்களே! விவசாயத் தோழர்களே! உங்கள் சங்கக் கூட்டத்தில் இந்த ஆறு கோரிக்கைகளையும் உரக்கப் படியுங்கள். உங்கள் ஊரில் உள்ள பார்வையற்றவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். விட்டுப்போனதைச் சேருங்கள். மகஜர் தயாரித்து நகராட்சிக்கும் கலெக்டருக்கும் கொடுங்கள். அந்த மகஜர் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். எளிய தமிழில் எழுதுவது எப்படி என்பதை அதிகாரிகளுக்கு நாமே காட்டிக் கொடுப்போம்!